ஒரு வேர்டு கோப்பும் ஆறு லட்சம் ரூபாயும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை, அதாவது வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை, நிறுத்திவிட்டது. எங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகங்களுக்குள் நுழைந்து பார்த்தால் பாதிக்கு மேல் இன்னும் அந்த இரண்டில் ஒன்றுதான், சில இடங்களில் அதைவிடப் பழையதுகூட இருக்கிறது. "ஓடிட்டுதான இருக்குது, எதுக்குங்க மாத்தோணும்?" என்று கேட்பவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். 2022 கடைசியில் எனக்கு நடந்தது இது. அப்போது யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எங்களுடையது சின்ன யூனிட். ஒரு பவர்டேபிள் செக்‌ஷன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மட்டும் சொந்தம். நிட்டிங், டையிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். ஐரோப்பாவில் சில சின்ன பையர்கள், பெரும்பாலும் குழந்தைகள் உடை. அலுவலகத்தில் இரண்டே கம்ப்யூட்டர். மெர்ச்சண்டைசிங் பார்க்கும் பெண்ணுக்குத் தினமும் தெரியாத ஆட்களிடமிருந்து மெயில் வரும். டெக் பேக் (உடையின் வடிவமைப்பு விவரம்), சைஸ் சார்ட், விலை கேட்டு ஒரு படிவம் என்று ஏதாவது ஒன்று இணைப்பில் இருக்கும். அன்றைக்கு வந்ததும் அப்படி ஒன்றுதான்: சப்ளையர் பதிவுப் படிவம் என்று ஒரு வேர்டு கோப்பு. மாதம் எத்தனை பீஸ் முடியும், என்னென்ன சான்றிதழ் இருக்கிறது, எஃப்ஓபி விலை (கப்பலில் ஏற்றிக் கொடுப்பது வரையிலான விலை) என்ன என்று நிரப்பச் சொல்லியிருந்தார்கள். திறந்தவுடன் மேலே மஞ்சள் பட்டை வந்தது. படிவத்தை நிரப்ப வேண்டுமென்றால் 'எனேபிள் எடிட்டிங்' அழுத்தித்தானே ஆக வேண்டும், அந்தப் பெண் அழுத்தினாள். திரை ஒரு நொடி விட்டு வந்தது, எழுத்துகள் உடைந்த ஒரு அட்டவணை தெரிந்தது. கோப்பு கெட்டிருக்கிறது, திரும்ப அனுப்புங்கள் என்று பதில் போட்டாள். பதில் வரவில்லை. அப்படி பதில் வராமல் போகும் விசாரணைகள் எங்களுக்கு ஏராளம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்ததைக் கேட்ட பத்தில் ஒன்பது பேர் சொன்னது, "தெரியாதவங்க அனுப்பற ஃபைலைத் தொறக்கக் கூடாதுங்க." வீட்டில் ஓய்வாக இருப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். எங்களுக்குத் தெரியாதவர் அனுப்பும் கோப்புதான் பிழைப்பு. அதைத் திறக்காவிட்டால் புது ஆர்டர் எங்கிருந்து வரும்? வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், வக்கீல் அலுவலகம், ஆடிட்டர், அச்சகம், பத்திரிகை ஆசிரியர் எல்லாருக்கும் இதே நிலைமைதான். ஆகவே கோப்பைத் திறந்தவர் மேல் பழி போடுவதில் பிரயோஜனம் இல்லை. எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் ஒரு வாரம் அழுதுகொண்டிருந்தாள். உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

சில வாரங்கள் கழித்து, ஏற்கெனவே ஷிப்மென்ட் போய்ச் சேர்ந்த ஒரு பையரிடம் பாக்கித் தொகை பற்றி வாட்ஸ்அப்பில் கேட்டேன். இன்வாய்ஸ் மொத்தம் 21,600 டாலர். 30 சதவீதம் முன்பணமாக வந்துவிட்டது. மீதி 15,120 டாலர் வர வேண்டும். அந்த அம்மா உடனே பதில் போட்டார்: போன வாரமே அனுப்பிவிட்டோமே, நீங்கள் சொன்ன புதுக் கணக்குக்கு! எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. புதுக் கணக்கா? அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் எங்கள் லெட்டர்ஹெட், எங்கள் இன்வாய்ஸ் எண், என் கையெழுத்து, எல்லாம் அச்சு அசல். இந்தியக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, அதனால் இந்த முறை ஐரோப்பாவில் உள்ள எங்கள் கணக்குக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. அனுப்பிய மெயில் முகவரியை மூன்று தடவை படித்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கம்பெனிப் பெயரில் ஆங்கில எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை ஒட்டி எழுதி அதே பெயர் மாதிரி ஒரு டொமைன் (இணைய முகவரி) பதிவு செய்திருக்கிறார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக இருக்கும் என் அக்கா மகனுக்குத்தான் முதலில் போன் போட்டேன். நான் பேசி முடிக்கும் முன்னாலேயே, "மாமா, மொதல்ல ரெண்டு கம்ப்யூட்டர்லயும் நெட் வயரைக் கழட்டுங்க. பாஸ்வேர்டு மாத்தறேன்னு அதுல உக்காந்துராதீங்க" என்றான். காரணம் பிறகுதான் புரிந்தது. கணினிக்குள் உட்கார்ந்திருக்கும் வைரஸ் தட்டச்சு செய்வதைப் பதிவு செய்யும் ரகம் என்றால், புதிதாக மாற்றும் கடவுச்சொல்லும் அடுத்த நிமிடமே திருடன் கைக்குப் போய்விடும். சுத்தமான வேறு கருவியிலிருந்து, என் விஷயத்தில் என் போனிலிருந்து, மாற்ற வேண்டும். மாற்றியதும் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே உள்ளே இருப்பவன் அப்படியே இருப்பான். இரட்டைச் சரிபார்ப்பு போட வேண்டும். இது எல்லாவற்றையும்விட முக்கியம், மெயில் அமைப்புகளில் ரூல்ஸ், ஃபார்வர்டிங் என்ற இரண்டு பகுதிகளையும் பார்க்க வேண்டும். எங்கள் மெயிலில், அந்தப் பையரிடமிருந்து வரும் எந்த மெயிலும் இன்பாக்ஸுக்கு வராமல் 'ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்' என்ற ஃபோல்டருக்குப் போகும்படி திருடன் ஒரு ரூல் எழுதி வைத்திருந்தான். அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதே எனக்குத் தெரியாது. கணக்கு மாறியது உண்மைதானா என்று அந்த அம்மா கேட்டு எழுதிய மெயில் அதற்குள் கிடந்தது. "ஆமாம், உண்மைதான்" என்று என் பெயரில் போன பதிலும் அங்கேயே இருந்தது. அதைப் படித்தபோது வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் பணம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்தேன், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்தேன். இங்கே எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம்முடைய வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 மிகவும் பயனுள்ளது, சீக்கிரம் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. என் விஷயத்தில் பணம் ஒரு வெளிநாட்டிலிருந்து இன்னொரு வெளிநாட்டுக்குப் போயிருக்கிறது, இந்திய வங்கி எதுவும் இடையில் இல்லை. எனவே முடக்கக் கேட்க வேண்டியது பையரின் வங்கிதான், போலீசில் முதல் புகார் கொடுக்க வேண்டியதும் அவர்கள் ஊரில்தான். இது தெரியாமல் ஒரு முழு நாள் இங்கே அலைந்ததில் நேரம் போனது. இப்படி நடந்தால் முதல் வேலையாகப் பையரிடம் போனில் பேசி, அவர் வங்கியில் ஸ்விஃப்ட் ரீகால் (அனுப்பிய பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை) கேட்கச் சொல்லுங்கள், அவர் ஊர்ப் போலீசில் உடனே புகார் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பையர் கேட்டபோது ஏறக்குறைய முழுத் தொகையும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் இங்கே கொடுத்த புகார் வீண் இல்லை. சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதுதான் (புகார் பெற்றதற்கான ஒப்புகை) பிறகு வங்கியிலும் பையரிடமும் எனக்கு இருந்த ஒரே ஆதாரம்.

எப்படி நடந்தது என்பதை மருமகன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து கண்டுபிடித்தான். அந்தப் படிவத்தை நோட்பேடில் திறந்து காட்டினான். கோப்பின் பெயர் முடிவது டாக் என்று, உள்ளே முதல் எழுத்துகள் ஆர்டிஎஃப் (வேறொரு ஆவண வடிவம்) என்று. வேர்டு பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே என்ன இருக்கிறதோ அதன்படி திறந்துவிடும். அதற்குள் ஒரு கணிதச் சமன்பாடு புதைத்து வைக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் உடைக்கான சப்ளையர் படிவத்தில் சமன்பாடு எதற்கு? கோப்பின் ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) வைரஸ்டோட்டல் என்ற கோப்புப் பரிசோதனைத் தளத்தில் தேடினால் வரிசையாக ஒரே எண் வந்தது: சிவிஇ-2017-11882. தெரியவந்த ஒவ்வொரு மென்பொருள் ஓட்டைக்கும் கொடுக்கும் அடையாள எண் அது. கோப்பையே ஏற்றாமல் ஹாஷை மட்டும் தேடியதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஏற்றும் கோப்புகளை அந்தச் சேவையின் சந்தாதாரர்கள் இறக்கிப் பார்க்க முடியும். சந்தேகத்தில் நம் விலைப்பட்டியலையும் ஒப்பந்தத்தையும் அங்கே ஏற்றி வைத்துவிடக் கூடாது.

இந்த எண்ணின் கதை எனக்கு வியப்பாக இருந்தது. வேர்டில் முன்பு சமன்பாடு எழுத 'ஈக்வேஷன் எடிட்டர்' என்று தனியாக ஒரு சிறு மென்பொருள் இருந்தது. டிசைன் சயன்ஸ் என்ற நிறுவனம் எழுதியது. நம் கணினிகளில் இருந்த பிரதி 2000 நவம்பரில் கம்பைல் செய்யப்பட்டது, அதாவது எழுதிய நிரலிலிருந்து ஓடும் கோப்பாக மாற்றப்பட்டது. ஆபீஸ் 2007-லேயே வேர்டுக்குள் புதிய சமன்பாட்டு வசதி வந்துவிட்டது. ஆனால் பழைய ஆவணங்கள் திறக்க வேண்டும் என்பதற்காக இந்தப் பழைய எடிட்டரையும் விட்டுவைத்தார்கள். சமன்பாட்டில் எழுத்துருவின் பெயரை நினைவகத்துக்கு எடுத்துக்கொள்ளும்போது, பெயர் எவ்வளவு நீளம் என்று அது சரிபார்ப்பதில்லை. நீளமான போலிப் பெயரைக் கொடுத்தால் அது ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, அடுத்து எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்பதையே மாற்றிவிடும். வேர்டுக்கு வெளியே தனியாக ஓடும் மென்பொருள் என்பதால், பின்னாளில் வேர்டுக்குள் சேர்த்த பாதுகாப்புகள் இதற்குப் பொருந்தவில்லை. மேக்ரோ (ஆவணத்துக்குள் இருக்கும் சிறு நிரல்) கிடையாது, 'எனேபிள் எடிட்டிங்' அழுத்திய பிறகு 'அனுமதிக்கவா' என்ற கேள்வியும் கிடையாது. 17 வருடம் அப்படியே கிடந்ததை எம்பெடி என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு கண்டுபிடித்துச் சொன்னது. 2017 நவம்பர் 14 அன்று திருத்தம் வந்தது. அதை அலசிப் பார்த்த 0பேட்ச் என்ற பாதுகாப்புக் குழுவினர், மூல நிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தது போலத் தெரியவில்லை, ஓடும் கோப்பிலேயே கையால் பைட்டுகளை மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதினார்கள். பேட்டர்ன் தொலைந்துபோன சட்டையைப் பிரிக்காமலே ஓட்டை அடைத்த மாதிரி. ஆனால் அதே எடிட்டரில் இன்னொரு ஓட்டையும் வெளிப்பட்டது. இரண்டு மாதத்திலேயே, 2018 ஜனவரி 9-ஆம் தேதி அப்டேட்டில், அந்த எடிட்டரையே ஆபீஸிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதாவது எங்கள் அலுவலகத்தில் இது நடப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மருந்து வந்துவிட்டது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பும் எஃப்பிஐயும் 2020 மே மாதம் வெளியிட்ட, அதிகம் தாக்கப்படும் பத்து ஓட்டைகளின் பட்டியலில் இந்த எண்ணும் இருந்தது. அப்புறம் ஏன் எங்களிடம் நுழைந்தது? கம்ப்யூட்டர் விற்றவர் ஆபீஸ் 2010 போட்டுக் கொடுத்திருந்தார். பில்லில் 'சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன்' என்று 1,500 ரூபாய் இருந்தது, கொடுத்துவிட்டோம். போகும்போது அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "அப்டேட்டு மட்டும் ஆன் பண்ணிராதீங்ண்ணா, லாக் ஆயிரும்." ஏதோ தொழில்நுட்பக் காரணம் என்று நினைத்தேன். அது கள்ளப் பிரதி, அப்டேட் வந்தால் குட்டு உடையும் என்பதுதான் அர்த்தம். ஆபீஸ் 2010-க்கான திருத்தங்கள் 2020 அக்டோபரில் மொத்தமாக நின்றன என்பது வேறு கதை. நிற்பதற்கு முன்பு வந்தவையே எங்கள் கணினிக்குள் ஒன்றுகூட இறங்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தது, பச்சை டிக் காட்டிக்கொண்டு. அன்றைய கோப்பின் வடிவம் அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஆன்டிவைரஸ் தெரிந்த திருடனைத்தான் பிடிக்கும், திறந்து கிடக்கும் ஓட்டையை அது அடைக்காது. இதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

உங்கள் கணினியில் அந்த எடிட்டர் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. வேர்டில் இன்செர்ட் போய் ஆப்ஜெக்ட் என்பதை அழுத்துங்கள். வரும் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் ஈக்வேஷன் 3.0' இருந்தால் 2018 ஜனவரித் திருத்தம் உங்களுக்கு வரவில்லை என்று சந்தேகப்படுங்கள். உறுதி செய்ய புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட் ஷேர்டு, அதற்குள் ஈக்வேஷன் என்ற ஃபோல்டரைப் பாருங்கள். எக்ஸ்86 என்று முடியும் இன்னொரு புரோகிராம் ஃபைல்ஸ் இருந்தால் அங்கேயும் பாருங்கள். அதற்குள் 32 என்று முடியும் எக்ஸிகியூட்டபிள் கோப்பு உட்கார்ந்திருந்தால் எடிட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்டேட் போட முடியாத நிலைமை என்றால், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியல்) அந்த எடிட்டர் ஓடாதபடி தடுக்க மைக்ரோசாஃப்ட் வழிமுறை கொடுத்திருக்கிறது, தெரிந்தவரை வைத்துச் செய்துகொள்ளலாம். ஆனால் அது இந்த ஒரு ஓட்டைக்குத்தான். 2022 மே மாதம் வெளிவந்த ஃபோலினா என்ற ஓட்டை விண்டோஸின் பழுது பார்க்கும் கருவி வழியாக வேர்டு கோப்பிலிருந்தே நுழைந்தது, அதற்கு ஈக்வேஷன் எடிட்டர் தேவையே இல்லை. திருத்தம் ஜூன் 14-ஆம் தேதி விண்டோஸ் அப்டேட்டில் வந்தது. ஆகவே வேர்டில் ஃபைல் போய் அக்கவுன்ட் பக்கத்தில் அப்டேட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், விண்டோஸ் அப்டேட்டையும் தனியாகப் பாருங்கள். ஆன் என்று எழுதியிருப்பதோடு நிற்காமல், கடைசியாக எந்தத் தேதியில் இறங்கியது என்பதையும் பாருங்கள்.

வேர்டே வேண்டாம் என்று லிப்ரே ஆபீஸுக்கு மாறியவர்கள் உண்டு. நானும் ஒரு கணினியில் அதைத்தான் வைத்திருக்கிறேன், இலவசம், கள்ளப் பிரதி என்ற தலைவலி இல்லை. ஆனால் அங்கேயும் 2019-இல் லிப்ரேலோகோ என்ற பகுதி வழியாக, கேட்காமலே கட்டளை ஓடும் ஓட்டை வந்தது. 6.2.5 பதிப்பில் அடைத்தார்கள், அதைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடித்தார்கள், 6.2.6-இல் மறுபடி அடைத்தார்கள். புரோகிராமர்கள் பயன்படுத்தும் விம்மில்கூட அதே வருடம் சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும் ஒரு வரியால் கட்டளை ஓடியது, 8.1.1365 திருத்தம் வரும்வரை. ஆக, மென்பொருளை மாற்றினாலும் அப்டேட் பார்க்கும் வேலை போகாது. அந்த அப்டேட்டும் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 2025-இல் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எழுத்துக் கோப்பு மென்பொருளின் அப்டேட் வழியையே சிலருக்கு மட்டும் திசை திருப்பிவிட்டார்கள். டிசம்பரில் வந்த 8.8.9 பதிப்பிலிருந்து, இறக்கும் கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே நிறுவுகிறது. அதைவிடப் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள், உள்ளே இருக்கும் அப்டேட் பொத்தானை நம்பாமல் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நேரடியாகப் புதியதை இறக்கிப் போடுவது நல்லது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 15,120 டாலர் அன்றைய மதிப்பில் சுமார் 12.4 லட்சம். உங்கள் மெயில் வழியாகத்தானே நடந்தது என்று பையர் முதலில் கையை விரித்தார். கணக்கு மாறுகிறது என்றால் போனில் கேட்டிருக்க வேண்டாமா என்று நான் கேட்டேன். பல வாரம் இழுத்து, பாதியை மறுபடி அனுப்புவதாக ஒத்துக்கொண்டார். மீதிப் பாதி, 6.2 லட்சம், போனது போனதுதான். இதோடு முடியவில்லை. ஏற்றுமதிப் பணம் வராவிட்டால் ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் கணக்கில் அந்த ஷிப்பிங் பில் மூடப்படாமல் நிற்கும். வராத பகுதிக்கு ஏற்கெனவே வாங்கிய டிராபேக்கை (ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தரும் வரி) மறுபடி கட்ட வேண்டியிருந்தது. பேக்கிங் கிரெடிட்டுக்கு (ஏற்றுமதி ஆர்டருக்கு வங்கி கொடுக்கும் கடன்) வட்டி ஏறியது. இரண்டு சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வீட்டு நகையை வைத்தேன், எதற்கு என்று வீட்டில் சொல்லவில்லை. பக்கத்து யூனிட் ஆட்களிடமும் சொல்லவில்லை. பையர் காதுக்குப் போனால் ஆர்டர் வராது என்ற பயம். மாதங்கள் கழித்து ஒரு டீக்கடையில் பேச்சுவாக்கில் சொன்னபோது, கூட நின்றவர்களில் இரண்டு பேர் தங்களுக்கும் நடந்தது என்றார்கள். மூன்று பேரும் ஒரே தெருவில்தான் யூனிட் வைத்திருக்கிறோம்!

இப்போது எங்கள் எல்லா புரோஃபார்மா இன்வாய்ஸிலும் (சரக்கு அனுப்பும் முன் கொடுக்கும் பில்) வங்கி விவரத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது: இந்தக் கணக்கு மெயில் மூலம் ஒருபோதும் மாறாது, மாறியதாக மெயில் வந்தால் உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் எண்ணுக்கு அழைக்கவும். மெயிலிலேயே வரும் எண்ணுக்கு இல்லை என்பதையும் சேர்த்துப் போட்டிருக்கிறோம். புதிய பையரிடம் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. வெளியாள் கோப்புகளைத் திறக்க ஒரு கணினி தனியாக. அதில் மெயில் கடவுச்சொல்லோ வங்கிக் கடவுச்சொல்லோ சேமித்து வைப்பதில்லை. ஆபீஸ் இப்போது வருடச் சந்தாவில் இருக்கிறது. வருடா வருடம் கட்டும்போது வயிறு எரியத்தான் செய்கிறது, ஆனால் நான் கட்டிய வட்டியோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை.

கணக்கு டீச்சராக இருக்கும் என் மனைவிக்கு இதில் வேறு பிரச்சினை வந்தது. பழைய வினாத்தாள்களில் அந்த எடிட்டரில் எழுதிய சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரியும், திருத்த முடியாது. எடிட்டர் எடுக்கப்பட்டதால் இப்படி ஆகிறது. சில ஆசிரியர்கள் அந்தப் பழைய எக்ஸிகியூட்டபிள் கோப்பை எங்கிருந்தோ இறக்கி மறுபடி ஃபோல்டரில் வைத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 365 வேர்டில் அந்தச் சமன்பாட்டை இரண்டு முறை கிளிக் செய்தால் புதிய வடிவத்துக்கு மாற்றவா என்று கேட்கும். மாற்றிக்கொண்டால் வழக்கம்போலத் திருத்தலாம். அவள் பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாள்கள் முழுவதையும் அப்படித்தான் மாற்றி முடித்தாள்.